நலன்புரிப் பணியின் பரவலாக்கமும் குடிமக்கள் வறுமையும்

கண்டி மாநகரின் வடபால், மகாவலி கங்கையின் கரையில் அமைந்துள்ளது கட்டுகஸ்தோட்டை. மாத்தளைக்கும் அதற்கப்பால் யாழ்ப்பாணத்துக்கும் செல்லும் பெருந்தெரு இவ்வூரினூடாகவே போகின்றது. குருநாகல் வழியாகப் புத்தளத்தை அடையும் பெருந்தெரு இங்கிருந்தே தொடங்குகின்றது. மாத்தளை இருப்புப்பாதையும் ஆற்றை இங்கேதான் கடக்கின்றது. வழிப்போக்கர் கண்ணுக்கு இஃது ஒரு சந்திப்பூர். ஆட்சிமுறையை ஆராய்வார்க்கோ இது பல எல்லைகள் கூடும் இடமாகத் தோன்றும். கண்டி மாநகர சபையின் பரப்பும், ஹாரிஸ்பத்துவ, பாததும்பறை முதலிய பிரதேச சபைகளின் பரப்புகளும் இதன் அயலில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. சற்று அப்பாற் சென்றால் தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. ஒரே மழையில் நனைந்து ஒரே கடைத்தெருவில் அரிசி வாங்கும் நகரத்து ஏழை, கிராமத்து ஏழை, தோட்டத்து ஏழை ஆகிய மூவரும், உதவி நாடும்போது மட்டும் மூன்று வெவ்வேறு வாயில்களுக்குச் செல்லவேண்டியவராய் இருந்தனர். அவற்றுள் ஒரு வாயில் நெடுங்காலம் அடைத்தே கிடந்தது.

நலன்புரிப் பணிகளை மத்திய அரசு தன் கையிலே வைத்திராது ஊராட்சி மன்றங்களுக்குப் பகிர்ந்தளித்தால் வறுமை குறையும் என்பது அரசியலறிஞர் பலர் கொண்ட கருத்தாகும். அதற்கு அவர்கள் காட்டும் காரணம் எளியது. எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதைக் கொழும்பிலுள்ள திணைக்களம் அறியாது, அயலார் அறிவர். அயலார் தெரிந்தெடுத்த சபையிடம் பணமும் அதிகாரமும் இருப்பின், உதவி உரியவரை விரைந்து அடையும். இக்கூற்று பொய்யன்று, ஆயின் முழு உண்மையும் அன்று. பரவலாக்கம் என்னும் ஒரே சொல்லால் மூன்று வேறு செயல்கள் குறிக்கப்படுகின்றன. கடமையைக் கைமாற்றுதல் ஒன்று. பணத்தைக் கைமாற்றுதல் மற்றொன்று. வறியவர் யார் எனத் தீர்மானிக்கும் உரிமையைக் கைமாற்றுதல் இன்னொன்று. இம்மூன்றும் ஒருங்கே செல்வது அரிது. இவை எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது வேறொரு வினா: இவ்வூரின் வறியவர் என எண்ணப்படுதற்கு உரியவர் யாவர்? கண்டிப் பகுதியில் வறியோர்க்கு உதவிய வரலாறு பெரும்பாலும் இவ்வினாவின் வரலாறே.

இலங்கையில் மாநகர சபைகளைத் தோற்றுவித்த 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினாற் பயன்பெற்ற முதல் நகரங்கள் கொழும்பும் கண்டியுமாம். வறியோரைப் பேணும் பொறுப்பு அச்சபைகளுக்கு வந்தது பிற்காலத்திலேயே. 1934–35இல் நாட்டை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பசியால் நலிந்த உடல்களையே நோய் மிகுதியாகக் கொண்டுசென்றது என்பது அக்காலத்தில் யாவரும் கண்ட உண்மை. வறுமையைத் தனியார் ஈகைக்கு மட்டும் விட்டுவிட இயலாது என்னும் எண்ணம் அரசாங்க சபையில் வலுத்தது. அதன் பயனாக 1939ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வறியோர் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகர சபைகளும் தத்தம் எல்லைக்குட்பட்ட வறியோர்க்கு உதவும் கடமையை அச்சட்டத்தின் வழி ஏற்றன. நாட்டின் ஏனைய பகுதிகளில் அக்கடமை மத்திய அரசிடமே இருந்தது. 1948இல் சமூக சேவைத் திணைக்களம் நிறுவப்பட்டபின் அத்திணைக்களம் அதனைக் கச்சேரிகள் வாயிலாக நடத்தியது. எனவே கண்டி நகர எல்லைக்குள் வாழ்ந்த ஆதரவற்ற முதியவர் மாநகர சபையை நாடினார். எல்லைக்கு அப்பால் வாழ்ந்தவர் கச்சேரியை நாடினார். பேச்சுவழக்கில் அவ்வுதவிப்பணத்துக்குப் பிச்சைச் சம்பளம் என்று பெயர். உதவியைப் பெறுவோர் எவ்வாறு நோக்கப்பட்டனர் என்பதற்கு அப்பெயரே சான்று.

வறியோரை அவரவர் ஊரே காக்கவேண்டும் என்னும் கொள்கை இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1601ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு திருச்சபை வட்டமும் தன் மக்களிடம் வரி திரட்டித் தன் ஏழைகளைப் பேணவேண்டும் என விதித்தது. நோக்கம் நன்றே. ஆயின் செலவு ஊரின் தலையில் விழுந்தவுடன், அச்செலவைக் குறைக்கும் எளிய வழி ஏழையை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுதலே என்பதை ஊரார் கண்டுகொண்டனர். புதிதாக வந்தவர் ஊருக்குச் சுமையாகக்கூடும் எனத் தோன்றினால் அவரை முன்னைய ஊருக்கே திருப்பியனுப்ப 1662ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது. மணமாகாத ஏழைப் பெண் கருவுற்றிருப்பின், பிறக்கும் குழந்தை தம் ஊர்க்கணக்கில் சேர்ந்துவிடாதபடி, பேறுகாலத்துக்கு முன்னரே அவளை எல்லைக்கப்பால் கொண்டுசென்று விட்ட அலுவலரும் இருந்தனர். நம் நாட்டு மடங்களும் சத்திரங்களும் பசித்து வந்தவனை எவ்வூரான் எனக் கேட்டதில்லை. அவை ஒரு வேளைச் சோற்றுக்கு மேல் எதனையும் உறுதிசெய்யவுமில்லை. உரிமையாக உதவி பெறுதற்கு ஊர் வேண்டும். ஊர் இல்லாதவனுக்கோ அவ்வுரிமையே அவனை விலக்கும் வேலியாகின்றது. இங்கிலாந்து தன் பழஞ்சட்டத்தை 1948இல் முற்றாகக் கைவிட்டுத் தேசிய உதவித் திட்டத்தை மேற்கொண்டது.

கண்டியைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் இவ்வேலி மிகத் தெளிவாகத் தென்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதன் பின்னர் இம்மலைகளில் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைத்தோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர். அவர்களுக்குத் தோட்டமே ஊர், துரையே ஆட்சி. மருத்துவ வசதிக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டமும், குறைந்தபட்சக் கூலிக்கு 1927ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தன. லய அறை, பிள்ளைக்காம்பரா, பள்ளிக்கூடம், மருந்து யாவும் தோட்ட நிருவாகத்தின் வழியாகவே கிடைத்தன. இதனால் தோட்டம் பொது ஆட்சிக்குப் புறம்பான ஒரு தனித் தீவு என்னும் எண்ணம் அரசாங்கத்தாரிடமும் கிராமத்தாரிடமும் வேரூன்றிற்று. கிராமச் சங்கச் சட்டம் 1930களின் இறுதியில் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் குடியிருந்த தொழிலாளர்க்கு அச்சங்கங்களின் வாக்குரிமை மறுக்கப்பட்டது. கண்டி நகர ஏழைகளுக்கு ஊராட்சி மன்றத்திடம் ஓர் உரிமை கிடைத்த அதே காலத்தில், சில கல் தொலைவிலுள்ள தோட்டத்தார்க்கு ஊராட்சியின் வாயில் அடைபட்டது. 1939இல் ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தமையும், அவ்வாண்டே இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியமையும் அக்காலத்துக் கொந்தளிப்பைக் காட்டுவன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. ஊராரும் அல்லர், நாட்டாரும் அல்லர் என்ற நிலை அது.

இங்கே வியத்தற்குரிய ஒன்றுண்டு. ஊராட்சி விலக்கிவைத்த இம்மக்களை மத்திய அரசின் அரிசிப் பங்கீடு விலக்கவில்லை. போர்க்காலத்தில், 1942இல், தொடங்கிய அப்பங்கீடு ஏறத்தாழ எல்லார்க்கும் உரியதாயிருந்தது. கூப்பன் புத்தகம் கையில் இருந்தாற் போதும். வறியவரா என ஆராய ஓர் அலுவலரும் வேண்டியதில்லை. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடெங்கும் ஹர்த்தால் மூண்டு, பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். எல்லார்க்கும் உரிய உதவியைக் குறைத்தால் எல்லாரும் எதிர்ப்பர். சிலர்க்கு மட்டும் உரிய உதவியைக் குறைத்தால் அச்சிலர் மட்டுமே அழுவர். 1973–74ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாகிப் பங்கீடு சுருங்கியபோது, சொந்த நிலமில்லாத தோட்டத் தொழிலாளரே பெரிதும் வருந்தினர். அதனோடு, காணிச் சீர்திருத்தத்தின் பின்னர் கண்டிப் பகுதித் தோட்டங்கள் பலவற்றில் வேலையும் குடியிருப்பும் இழந்த குடும்பங்கள் நகர வீதிகளிற் கையேந்தி நின்றன. மாநகர சபையின் கணக்கில் அவர்கள் நகரத்து ஏழைகள் அல்லர். தோட்டத்தின் கணக்கிலும் அவர்கள் பெயர் அழிந்துவிட்டது.

1979இல் எல்லார்க்குமுரிய பங்கீடு நீங்கி, மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு உணவு முத்திரை வழங்கும் முறை வந்தது. வருமானத்தை அவரவரே கூறினர். நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முத்திரை பெற்றமையால், கூறப்பட்ட வருமானம் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கிராமத்து உழவரின் வருவாயை அளந்தறிதல் அரிது. தோட்டத் தொழிலாளியின் வருவாயோ செக்றோல் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது. உண்மையை மறைக்க வழியில்லாதவர், உண்மையிலேயே ஏழையாயினும், ஏழையல்லாதவராக எண்ணப்படும் நிலை எழுந்தது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை என மூவர் உழைத்தாலன்றி ஒரு குடும்பம் உண்ண இயலாத இடத்தில், மூவரின் கூலியையும் கூட்டினால் வரம்பு தாண்டிவிடும்.

அடுத்து வந்தவை ஜனசவியவும் சமுர்த்தியும். பிரேமதாசாவின் ஆட்சியில் 1989இல் தொடங்கிய ஜனசவிய, ஒரு குடும்பத்துக்கு 24 மாதங்கள் மாதந்தோறும் 2,500 ரூபா என வகுத்தது. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு, எஞ்சிய 1,042 ரூபா சேமிப்புக்கு. 1995ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சமுர்த்தி, ஊர்தோறும் உத்தியோகத்தரையும் சங்கங்களையும் வங்கிகளையும் கொண்டிருந்தது. புறத்தே நோக்குவார்க்கு இது பரவலாக்கத்தின் உச்சம் எனத் தோன்றும். உண்மையில் இங்கே ஊருக்குச் சென்றது அலுவலரே, அதிகாரம் அன்று. உத்தியோகத்தர் ஊரில் இருந்தார். அவரை நியமித்ததும் பணம் கொடுத்ததும் கொழும்பு. பட்டியலை மட்டும் அவர் ஊரில் இருந்து எழுதினார். பணமும் பொறுப்பும் மேலே நின்று, தெரிவுசெய்யும் உரிமை மட்டும் கீழே இறங்கினால், அவ்வுரிமை கட்சிக்காரரின் கைக்கருவியாதல் எளிது. வறியோரிற் கணிசமானோர் சமுர்த்திப் பட்டியலில் விடுபட்டனர் என்றும், வறியரல்லாதார் பலர் அதில் இடம்பெற்றனர் என்றும் ஆய்வுகள் பல காட்டின. அயலார் அறிவர் என்னும் கூற்று இங்கே இரண்டகத்தாயிற்று. அயலார் வறுமையை மட்டுமன்றி, யார் எவர்க்கு வாக்களித்தார் என்பதையும் அறிவரன்றோ?

சட்டத்தின் வழியான அதிகாரப் பகிர்வு 1987இல் வந்தது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சமூக சேவையை மாகாண சபைகளுக்குரிய நிரலிற் சேர்த்தது. கண்டியைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாணத்துக்கும் ஒரு சபை அமைந்தது. ஆதரவற்றோர்க்கான மாதாந்த உதவிப்பணம் மாகாணத்தின் பொறுப்பாயிற்று. ஆயின் மாகாணத்தின் வருவாயிற் பெரும்பகுதி மத்திய அரசு தரும் நிதியே. ஆகவே அவ்வுதவிப்பணம் ஒரு குடும்பத்தின் சில நாட் செலவுக்கும் போதாத அளவிலேயே நின்றது. பெருந்தொகை செலவிடப்பட்ட சமுர்த்தியோ மத்தியிலேயே தங்கிற்று. வறுமை ஒழிப்புக்கு மாகாணம் பெற்றது கடமை; மத்தி வைத்துக்கொண்டது பணம்.

2012இல் அப்பகிர்விற் கொஞ்சமும் மீளப்பெறப்பட்டது. சமுர்த்தி அதிகாரசபை, தென் அபிவிருத்தி அதிகாரசபை, மலைநாட்டுக்கென இருந்த உடரட்ட அபிவிருத்தி அதிகாரசபை ஆகியவற்றை ஒன்றாக்கி மத்தியின் கீழ் ஒரு திணைக்களம் அமைக்கத் திவிநெகும சட்டமூலம் முன்வைக்கப்பட்டது. மாகாண சபைகளின் கருத்தைப் பெறாது அதனை நிறைவேற்றலாகாது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. வட மாகாணத்தில் அப்போது சபையே இருக்கவில்லை. மற்றைய எட்டுச் சபைகளும் இணக்கம் தெரிவித்தன. மத்திய மாகாண சபையும் அவற்றுள் ஒன்று. தனக்குரிய துறையைத் தானே வாக்களித்துக் கைவிட்ட சபையைப் பற்றி மேலும் கூறவேண்டுவதில்லை. சட்டமூலம் 2013 ஜனவரியில் நிறைவேறியது.

அதே 1987இல் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்து ஏழைக்கு விளைத்த கேடு வேறுவகையானது. இதற்குள் மலையகத் தமிழர் பிரசாவுரிமை பெறத் தொடங்கியிருந்தனர். 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் அப்பணியை நிறைவுசெய்தன. அவர்கள் பிரதேச சபைகளுக்கு வாக்களித்தனர். தம்மவரை உறுப்பினராகவும் அனுப்பினர். ஆயினும் அச்சட்டத்தின் 33ஆவது பிரிவு கிராமங்களையே குறிப்பிட்டமையால், தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடவும் சபை தன் பணத்தைச் செலவிட இயலாது என்று பொருள்கொள்ளப்பட்டது. தோட்டம் கம்பனியின் நிலம் அல்லது அரச கூட்டுத்தாபனத்தின் நிலம், கிராமம் அன்று. 1992இல் தோட்டங்கள் பலவற்றின் நிருவாகம் கம்பனிகளுக்குச் சென்றது; கண்டி, மாத்தளை மாவட்டத் தோட்டங்கள் சில அரச நிறுவனங்களிடமே எஞ்சின. இருவகைத் தோட்டத்தாரும் சபையின் வாக்காளராயிருந்தும் அதன் பயனாளராகவில்லை. 31 ஆண்டுகள் கழித்து, 2018இல், அச்சட்டம் திருத்தப்பட்டது.

2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின அளவீட்டின்படி நாட்டு மக்களில் 14.3 வீதத்தினர் வறியோர். நகரத் துறையில் அவ்வீதம் 6.0, கிராமத் துறையில் 15.0, தோட்டத் துறையில் 33.8. இவ்வேற்றுமைக்கு ஊராட்சியிலிருந்து விலக்கப்பட்டமை ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. குறைந்த நாட்கூலியும் நிலமின்மையுமே முதற் காரணங்கள். ஆனால் பாதை, குடிநீர், முன்பள்ளி, நூலகம், மருந்தகம் முதலியவற்றுக்காகக் கிராமத்தார் தம் சபையை நெருக்க முடிந்தது. தோட்டத்தார்க்கு நெருக்குதற்குத் துரையையன்றி ஒருவருமிலர். வறுமை தலைமுறை கடந்து தங்குதற்கு இவ்வேறுபாடு துணைபுரிந்தது. ஊராட்சியின் உள்ளே இருத்தலே போதும் எனக் கொள்ளுதலும் தவறு. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு வரும் வழியிலுள்ள மஹியாவையில் மாநகரின் துப்புரவுத் தொழிலாளரான தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்கள் மாநகர எல்லைக்குள் இருப்பவர், மாநகரையே தூய்மைசெய்பவர். ஆயினும் இடநெருக்கடியும் வசிப்பிடத்தின் பெயரால் வரும் இழிவும் அவர்களை விட்டு நீங்கவில்லை. அண்மை வேறு, மதிப்பு வேறு.

கடமையும் பணமும் தெரிவுரிமையும் ஒருங்கே சென்ற இடம் ஒன்றைக் காணவேண்டின், கடல் கடந்து கேரளத்தை நோக்கலாம். அங்கே 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளாட்சி மன்றங்களுக்கு ஒதுக்கியது. 1998இல் தோன்றிய குடும்பஸ்ரீ, ஊர்ப் பெண்களை அயற்கூட்டங்களாக அமைத்து, வறுமைப் பட்டியலை ஓர் அலுவலரின் மேசையிலிருந்து எடுத்துப் பலர் கூடிப் பேசும் முற்றத்துக்குக் கொண்டுவந்தது. கடும் வறுமையில் உள்ளவையென இனங்காணப்பட்ட 64,006 குடும்பங்களுக்கும் தனித்தனித் திட்டம் வகுக்கப்பட்டது. ஒருவர்க்கு வீடு, ஒருவர்க்கு மருந்து, மற்றொருவர்க்கு அடையாள அட்டை எனத் தேவைக்கேற்ப உதவி அமைந்தது. 2025 நவம்பர் 1ஆம் நாள் கேரளம் கடும் வறுமையற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பழங்குடியினர் எல்லாரும் அக்கணக்கில் அடங்கினரா என்னும் ஐயத்தை அறிஞர் சிலர் எழுப்பியுள்ளனர். அங்கும் ஊரார் யார் என்னும் வினா ஓய்ந்தபாடில்லை. எனினும் அடையாள அட்டையே இல்லாத ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தது தொலைவிலுள்ள திணைக்களம் அன்று, அவ்வூர்ப் பெண்களின் கூட்டமே என்பது கருதற்பாலது.

இலங்கை சென்ற வழி இதற்கு மாறானது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது, முந்திய ஆண்டில் 13.1 வீதமாயிருந்த வறுமை 25 வீதமாயிற்று என உலக வங்கி மதிப்பிட்டது. சமுர்த்திப் பட்டியலிற் குறைகண்ட அரசு, 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்படி, 2023 ஜூலையில் அஸ்வெசும என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் மிகவும் வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாவும், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாவும், அவற்றுக்கு மேற்பட்ட இரு வகுப்பார்க்கு 5,000, 2,500 ரூபாவும் வகுக்கப்பட்டன. தகுதியை அளக்க 22 குறிகாட்டிகள் அமைந்தன. வீடு, நிலம், வாகனம், மின்சாரம், கல்வி, உடல்நலம் முதலியவற்றைக் கேட்டறிந்து கணிப்பொறியிற் பதித்தால் குடும்பத்தின் நிலை வெளிப்படும். கட்சிக்காரர் தலையீடு இதனாற் குறைந்தது என்பது உண்மை. அயலாரின் அறிவும் அதனுடன் நீங்கிற்று. பழைய ஒரு முச்சக்கர வண்டியைக் கடனுக்கு வைத்திருப்பவரும் வாகனம் உடையவராகவே பதியப்படுவார். அவ்வண்டி ஓடுகின்றதா என அயலாரைக் கேட்கக் குறிகாட்டியில் இடமில்லை. முதற் பட்டியல் வெளியானவுடன் மேன்முறையீடுகள் லட்சக்கணக்கிற் குவிந்தன.

அப்பட்டியல் உருவான காலத்தையும் நோக்கவேண்டும். மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. ஊராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. நடைபெறவிருந்த தேர்தல் பணமில்லை என்னும் காரணத்தாற் பிற்போடப்பட்டது. ஆகவே வறியோர் கணக்கெடுப்பு வெளியிடப்பட்ட நாளில் கண்டி மாநகர சபையிலோ, ஹாரிஸ்பத்துவ, பாததும்பறைப் பிரதேச சபைகளிலோ, மாகாண சபையிலோ மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஓர் உறுப்பினரும் இருக்கவில்லை. பெயர் விடுபட்ட முதியவர் முறையிடுதற்கு எஞ்சியிருந்தோர் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகத்தாருமே. அவர்கள் தகவலைப் பெற்று அனுப்புவோர், முடிவுசெய்வோர் அல்லர்.

2025 மே 6ஆம் நாள் ஊராட்சித் தேர்தல் நடந்தேறி, மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் உறுப்பினர் மீண்டும் வந்தனர். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தோட்டத்துக்குள்ளும் பணி செய்யும் உரிமை பிரதேச சபைகளுக்கு இப்போது உண்டு. ஆயின் தம் ஊரின் வறியோர் பட்டியலைப் பார்வையிட்டுத் திருத்தும் கடமை எதுவும் நலன்புரிச் சட்டத்தால் அவ்வுறுப்பினர்க்கு அளிக்கப்படவில்லை. பட்டியலிற் பெயர் காணாதவர் இன்றும் பிரதேச செயலகத்துக்கே செல்லவேண்டியவராயுள்ளார். நகரத்தவர் அங்கே நடந்து செல்கின்றார். தோட்டத்திலிருந்து வருபவர் அதற்காக ஒரு நாட்கூலியை இழந்து வருகின்றார்.